புழு மேடமும் நல்ல தண்ணி டிரம்மும்

செல்வி வீட்டுப் பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்குள் டார்ச் அடித்துக் குனிந்திருந்தபோதுதான் போன் வந்தது. என்னோடு கொசுப்புழு பார்க்கிற வேலை செய்யும் தேவகி பேசினாள்.

“மேரிக்கா, எங்க இருக்கீங்க?”

“செல்வி வீட்ல. இன்னா?”

“மொதல்ல எங்கயாவது உக்காருங்க.”

“டிரம்முல கைய விட்டுனு இருக்கேன், எங்க உக்கார்றது. சொல்லு.”

“மேடம் போயிட்டாங்கக்கா. காலைல தொழுதுட்டு எழுந்தாங்களாம். அப்படியே சாஞ்சிட்டாங்களாம். ஹார்ட்டுன்னு சொல்றாங்க.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த டிரம்மைப் பார்த்து முடித்தேன். பாதியில் விட்டால் மேடத்துக்குப் பிடிக்காது. சுவரோரமாக ஒரு சுற்று, அடியில் ஒரு சுற்று. என்ன பார்த்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

துணி துவைத்துக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள். “இன்னா மேரி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

“மேடம் தவறிட்டாங்க.”

“எந்த மேடம்?”

“புழு மேடம்.”

செல்வி கையிலிருந்த பாவாடையைப் பிழிந்தாள். கொடியில் போட்டாள். அடுத்த துணியை எடுத்தாள். “ம்” என்றாள். அவ்வளவுதான்.

ஒரு மனுஷி செத்ததைக் கேட்டு செல்வி அப்படி ‘ம்’ கொட்டுகிறவள் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் ஓடிப்போய் அழுகிறவள் அவள். அந்த ‘ம்’முக்குக் காரணம் நான். மேடத்தின் நினைவாக எங்களோடு வேலை செய்கிறவர்கள் போடுகிற இந்தப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தேவகி கேட்டபோது, ஐந்தாவது வரை படித்தவள் என்ன எழுதப்போகிறேன் என்று முதலில் மறுத்தேன். பிறகு அந்த ‘ம்’முக்காக ஒப்புக்கொண்டேன். பிழை இருந்தால் தேவகி திருத்துவாள். நடந்ததை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

பஸ் பிடித்து, மேடத்தின் வீடு இருக்கிற பொம்மையார்பாளையத்தில் இறங்கினேன். மேடத்தின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவர் வரும்வரை வைத்திருக்க முடியாது என்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். போனில் காட்டினார்கள், அந்தப் பக்கம் அவர் வேலைச் சட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனபோது வெள்ளைத் துணி போர்த்தி முகம் மட்டும் திறந்திருந்தது. வாசலில் ஒரு ஆள், “கொசு பிடிக்கிறவங்களை கொசுவே கொன்னுடுச்சு பாரு” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். ஹார்ட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. இப்போது சொல்கிறேன். ஷமீமா பானு மேடம் கொசு கடித்துச் சாகவில்லை. வயது ஐம்பதுகூட ஆகவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவர். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் இருந்திருப்பார். ஊரார் வீட்டு டிரம்மையெல்லாம் தேதி தவறாமல் பார்த்தவருக்குத் தன் மாத்திரை ஞாபகம் இருக்காது.

மேடத்தை நான் முதலில் பார்த்தது உப்பளத்தில். அப்போது நான் உப்பு வாரும் வேலையில் இருந்தேன். மழை பெய்து பாத்திகள் நாசமாகி, வேலை இல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பொம்பளை முக்காடு போட்டுக்கொண்டு, நீளப் பிடி வைத்த வெள்ளைக் கரண்டியோடு வரப்பில் வந்தார். பாத்தித் தண்ணீரை மொண்டு பார்ப்பார், கொட்டுவார், நாலடி நடப்பார், மறுபடி மொள்வார். ஒரு இடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஏங்க, அது இன்னா பாயசமா?”

“உப்பு எவ்ளோ இருக்குதுன்னு பார்க்கிறேங்க.”

“நாக்குல வச்சா புண்ணாயிடும். அதான் நாங்க இத்தினி பேர் உக்காந்து இருக்கோமே, கேட்டா சொல்ல மாட்டோமா?”

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். சுகாதாரத் துறையில் கொசுவை ஆராய்கிற வேலையாம். இந்தக் கொசுவெல்லாம் உப்பளத்திலிருந்து வருகிறது என்று ஊரில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், உண்மையா என்று பார்க்க வந்தேன் என்றார். நான் சிரித்தேன். உப்பு ஏறின தண்ணீரில் எங்கள் காலே வெந்து தோல் உரிகிறது, அதில் புழு எங்கே நிற்கும்? மழைத் தண்ணீர் கலந்து உப்பு இறங்கின ஓரங்களில்தான், மாட்டுக் குளம்பு அழுந்தின பள்ளங்களில்தான் ஏதாவது நெளியும் என்றேன். கூட்டிப்போய்க் காட்டினேன். கரண்டியில் வந்த புழுக்களைப் பார்த்து மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“பாருங்க, படுத்துட்டு மிதக்குது. சாக்கடைக் கொசுவோட புழுன்னா தலைகீழா தொங்கும். இது மலேரியாக் கொசு ஜாதி. அதுல உப்புத் தண்ணிய தாங்கறது ஒண்ணு இருக்குது.”

“அப்ப இதுங்களாலதான் காய்ச்சலா?”

“ஜாதி அதுன்றதுக்காக பழி போட முடியாதுங்க. பிடிச்சுட்டுப் போயி வளர்த்து, அறுத்து, உள்ள கிருமி இருக்குதான்னு பார்க்கணும்.”

ஒரு மாதம் கழித்து, எதிலும் கிருமி இல்லை, சும்மா கடிக்கிற கொசுக்கள்தான் என்று எங்களிடமே வந்து சொன்னார். அலுவலகத்துக்கு எழுதினால் போதும். பஸ் ஏறி வந்து சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த மழைக்கு வீடு வீடாகப் புழு பார்க்கத் தினக்கூலிக்கு ஆள் எடுத்தபோது என் பெயரை மேடம்தான் கொடுத்தார். என்னைவிடப் படித்தவர், பெரிய வேலை, ஆனாலும் கடைசிவரை என்னை மேரிக்கா என்றுதான் கூப்பிட்டார். நான் மேடம் என்றேன்.

விடிந்ததும் வீடுகளுக்குள் போய்ப் பெரிய கொசுக்களைப் பிடிப்பதும் அந்த வேலையில் ஒன்று. வயிறு நிறைய ரத்தம் குடித்துவிட்டு இருட்டு மூலையில் ஒட்டியிருக்கும். ஒரு குழாயின் முனையை அதன் மேல் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து மேடம் உறிஞ்சுவார். நடுவில் வலை இருக்கும், வாய்க்குள் போகாது. ஒரு வீட்டில் ஆணியில் தொங்கின கறுப்புச் சட்டையின் மேல் குழாயை வைத்து உறிஞ்சிக்கொண்டு நின்றார். கட்டிலில் படுத்திருந்த கிழவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“இன்னாம்மா, என் சட்டைக்கு முத்தம் குடுக்கிற?”

மேடம் குழாயை எடுத்துவிட்டுச் சொன்னார்: “உங்க சட்டையில ஏழு பேர் குடியிருக்காங்க தாத்தா. ரேஷன் கார்டுல சேர்த்துட்டீங்களா?”

அந்தக் கிழவர் அதற்கப்புறம் தினமும் சட்டையை உதறி வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருப்பார். ஆனால் உதறினால் கொசு பறந்துவிடும், எங்களுக்குக் கணக்கு வராது. அதை மேடம் அவரிடம் சொல்லவில்லை. “நல்லதுதானே செய்யிறாரு, செய்யட்டும்” என்றார்.

நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் நிலத்தடித் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குழாயில் நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் வாரத்துக்கு ஒருமுறை. வந்த அன்றைக்கு டிரம், குடம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். டெங்கு பரப்புகிற வரிக்கால் கொசுவுக்கு இந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு டிரம்மைத் தேய்த்துக் கழுவச் சொல்ல வேண்டும். அதுதான் எங்களுக்குக் கொடுத்த உத்தரவு.

உப்புக்கரையில் பிறந்தவள் யாரும் நல்ல தண்ணீரைக் கொட்டமாட்டாள். கையே வராது. என் வீட்டு நீல டிரம்மில் புழு இருந்தது. ஊரார் வீட்டை எட்டிப் பார்க்கிறவள் வீட்டிலேயே புழு என்றால் மானம் போய்விடும் என்று நினைத்தேன். பழைய புடவையை நாலாக மடித்து வடிகட்டினேன். புழுவெல்லாம் துணியில் வந்துவிட்டது. தண்ணீரை அப்படியே திரும்ப ஊற்றினேன். வீடு வீடாகப் புழு இருக்கிறதா என்று எழுதுகிற கணக்குத் தாளில் என் வீட்டுக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். பொய் என்று தோன்றவில்லை. எழுதும்போது இல்லைதானே.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நல்ல யோசனை கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து செல்விக்குச் சொன்னேன். செல்வி அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். தெருவே வடிகட்டியது. என் தாளில் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’, ‘இல்லை’. மேடம் தாளைப் பார்த்துவிட்டு, “ரொம்ப சுத்தமா இருக்குதே மேரிக்கா” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

மழை தொடங்கினதும் தெருவில் காய்ச்சல் வந்தது. செல்வியின் மகள் கௌசிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாண்டிச்சேரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போனது. செல்வி ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் கிடந்தாள். தெருவில் ஆம்பிளைகள், உப்பளத்துத் தேக்கத்தை மூடு என்று கிளம்பினார்கள். மூடினால் அங்கே வேலை செய்கிற பொம்பளைகள் எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை.

மேடம் வந்தார். உப்பளத்தில் மொண்டு பார்த்தார். பழைய ஜாதிதான், டெங்குக் கொசு ஒன்றுகூட இல்லை. தெருவுக்குள் வந்தார். நேராக என் வீட்டுக்கு வந்து நீல டிரம்மில் கையை விட்டார். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, உள்சுவரில் வெள்ளைத் தாளை ஒற்றி எடுத்தார். மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

“இது இன்னா மேடம்?”

“முட்டை. வரிக்கால் கொசு தண்ணியில போடாது, ஓரத்துல ஒட்டி வைக்கும். காஞ்சாலும் மாசக்கணக்கா கிடக்கும். தண்ணி ஏறினா பொரிஞ்சிடும்.” என் முகத்தைப் பார்த்தார். “வடிகட்டுனீங்களா?”

“ஆமா.”

“தெருவுக்கும் சொன்னீங்களா?”

“ஆமா.”

டிரம்முக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தார். ஒற்றின தாளை மடித்தார். பிறகு, “தேய்க்கணும்னு சொன்னேன். ஏன் தேய்க்கணும்னு உங்களுக்கு நான் சொல்லவே இல்ல” என்றார். அதற்கப்புறம்தான் இதைச் சொன்னார்: “இருக்குதுன்னா இருக்குதுன்னு எழுதுங்க மேரிக்கா. பேப்பருக்கு இன்னா வெட்கம்.”

இரண்டு நாள் கழித்து மாதா கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். மேலிடத்திலிருந்து ஆபீசர் வந்திருந்தார். செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, கௌசியின் ரத்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். வடிகட்டச் சொன்னது யார் என்று ஆபீசர் கேட்டார். செல்வி என்னைப் பார்க்கவில்லை. நான் புழு மேடத்தின் ஆள், மேடம் சொல்லித்தான் நான் சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்திருந்தாள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நான்தான் சார் சொன்னேன்” என்றார் மேடம்.

செல்வி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “படிச்சவதானே நீ? எம் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க அல்லா வந்து திருப்பிக் குடுப்பாரா?”

மேடம் தலையைக் குனிந்துகொண்டு, “பொண்ணு நல்லா ஆயிடும்மா” என்றார்.

கௌசி பிழைத்துக்கொண்டாள். முடியெல்லாம் கொட்டி, அந்த வருஷம் பரீட்சை எழுத முடியாமல் போனது. மேடத்துக்கு மெமோ வந்தது. வரவேண்டிய பதவி வரவில்லை.

அன்றைக்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். தலைக்கு மேலே கை வைத்து ஆசீர்வதிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. களைப்பாக இருந்தார். “நீங்க தினக்கூலி, நாளைக்கே நிறுத்திடுவாங்க. எனக்கு மெமோதான். அதுவும் இல்லாம, உங்களுக்கே கதவ சாத்திட்டாங்கன்னா அந்தத் தெருவுல டிரம்ம யாரு பார்க்கிறது? இன்னும் முட்டை இருக்குதே.”

“செல்விகிட்ட நான் சொல்லிடறேன் மேடம்.”

“சொல்லுங்க. மழை முடியட்டும்.”

அந்த மழை முடிந்தது. அடுத்த வருஷம் மழை வந்தது. ஒவ்வொரு வருஷமும் வந்தது. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். கேட்க வேண்டியவர்களிடம் போய்ச் சொல்லும்மா என்றார். நான் அவர் சொல்லச் சொன்ன ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். செல்வியும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். கௌசி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்னைத்தான் கூட்டிப்போனாள். மேடம் தெருவுக்கு வந்தால் மட்டும் செல்வி கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்தின கதவுக்கு வெளியே மேடம் ஒரு நிமிஷம் நிற்பார், பிறகு என்னை உள்ளே அனுப்பிவிட்டு வேலியோரம் காத்திருப்பார். தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

கொட்டமாட்டார்கள் என்று தெரிந்தபிறகு மேடம் வழியை மாற்றினார். தண்ணீர் வருகிற அன்றைக்கு மிச்சத்தை வடிகட்டிக் குடத்தில் வைத்துக்கொள், காலியான டிரம்மைக் கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டு உள்சுவர் முழுக்க அழுத்தித் தேய், கிணற்றுத் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டு, பிறகு நல்ல தண்ணீரை ஊற்று. உப்புதான் எங்கள் ஊரில் சும்மா கிடைக்கிறதே. “உப்பு முட்டையைக் கொல்லும்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தேய்க்கிறதுதான் வேலை. கை வலிக்கணும்” என்பார். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது, செல்வி வீட்டைத் தவிர. அந்தப் பொம்பளை சொல்லி மறுபடி வடிகட்டமாட்டேன் என்று, இத்தனை வருஷமும் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரைத் தெருவில் கொட்டினாள். கொட்டிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு குடம் கடன் கேட்பாள். நான் கொடுப்பேன்.

வேலையில் அலுப்புத் தட்டி, எத்தனை தரம் பார்த்தாலும் திரும்பத் திரும்ப வருகிறதே மேடம் என்று ஒருநாள் சொன்னேன். “முட்டை கொசுவாக ஏழு நாள் போதும் மேரிக்கா. நமக்குத்தான் ஏழு நாள் பத்தல” என்றார். சிரித்துக்கொண்டே சொல்லவில்லை. கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்கல்லில் உட்கார்ந்து சொன்னார்.

எழுதின இதை தேவகியிடம் கொடுப்பதற்கு முன்னால் செல்வி வீட்டுக்குப் போனேன். புத்தகத்தில் படித்து அவளுக்குத் தெரியக்கூடாது என்று தோன்றியது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன். வடிகட்டச் சொன்னது நான். மேடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

முறம் நின்றது.

“எத்தினி வருஷம் மேரி,” என்றாள்.

“ஆமா.”

“அந்தம்மாவுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்தது இல்ல நான்.”

“ஆமா.”

“செத்தப்புறம் வந்து சொல்ற.”

முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வாரம் போனபோதும் திறக்கவில்லை. மேடம் நிற்கிற அதே இடத்தில் ஒரு நிமிஷம் நின்றேன். அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மேடத்தின் டார்ச் லைட்டை அவர் வீட்டில் எனக்குக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் இப்போது பார்க்கிறேன், ஆனால் அது பேட்டரி தீர்கிற சாமான். என்னிடம் நிற்கப்போவது கணக்குத் தாளின் முதல் வரிதான். அதில் என் வீட்டை எழுதுகிறேன். போன வாரம் நீல டிரம்மில் இரண்டு புழு. ‘இருக்கிறது’ என்று எழுதிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

நேற்று தண்ணீர் வந்த நாள். செல்வி வீட்டுக் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் டிரம்மை வெளியே, தெருப்பக்கம் எடுத்து வைத்திருந்தாள், நான் உள்ளே வராமலே பார்த்துக்கொள்ளும்படி. மூடியைத் திறந்தேன். பக்கத்தில் இரண்டு குடங்களில் வடிகட்டின தண்ணீர் துணி போட்டு மூடியிருந்தது. தெரு காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு கொட்டவில்லை. டார்ச் அடித்து உள்சுவரை ஒரு சுற்று பார்த்தேன். தேய்த்த கோடுகள் தெரிந்தன. விளிம்பில் நாலைந்து உப்புக்கல் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளைத் தாளை ஒற்றி எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. செல்வி வீட்டுக்கு ‘இல்லை’ என்று எழுதினேன்.